பாலைவனப் படைக்குப் படியளந்தவர்

இரண்டாம் உலகப் போரின் ஆப்பிரிக்கப் பாலைவனக் களம் என்றதும் ரோமெல், மாண்ட்கோமரி என்ற இரு பெயர்களே நம்மில் பலருக்கும் நினைவுக்கு வரும். சற்றுக் கூடுதலாகப் படித்தவர்கள் பிரெஞ்சுத் தளபதி லெக்லெர்க்கையும் குறிப்பிடுவர். அவருடைய வீரர்கள் உண்ட கம்பும், அவருடைய லாரிகள் குடித்த பெட்ரோலும் எங்கிருந்து வந்தன என்று கேட்கும்போதுதான் ஃபெலிக்ஸ் எபுவேயின் பெயர் எழும். போர்க்காலப் பொருளாதாரத்தைக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். தளபதிகளைவிட இந்த ஆட்சி அலுவலரே என்னை அதிகம் ஈர்க்கிறார். அதிகம் தொந்தரவு செய்பவரும் இவரே.

எபுவே 1884-இல் தென்னமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவின் கயென் நகரில் பிறந்தார். அவருடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். உதவித்தொகை பெற்றுப் பிரான்சில் படித்து, குடியேற்ற நாடுகளுக்கான அலுவலர்களைப் பயிற்றுவிக்கும் பாரிஸ் கல்லூரியிலிருந்து 1908-இல் வெளிவந்தார். அங்கிருந்து மத்திய ஆப்பிரிக்காவின் உபாங்கி-ஷாரி பகுதிக்குப் பணிக்குச் சென்றவர், இருபது ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே இருந்தார். அந்த மக்களின் மொழிகளைக் கற்றார். அவர்களுடைய இசையையும் முரசு மொழியையும் ஆராய்ந்து எழுதினார். பருத்திச் சாகுபடியை ஊக்குவித்தவரும் அவரே. அங்குள்ள விவசாயிக்குப் பருத்தி என்பது பெரும்பாலும் விரும்பிப் பயிரிட்ட பயிர் அன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவருடைய பள்ளித் தோழரும் அதே பணியில் இருந்தவருமான ரெனே மாரான், குடியேற்ற ஆட்சியின் கொடுமைகளைத் தம் நாவலில் எழுதி, 1921-இல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசைப் பெற்றார். மாரான் பணியை விட்டு வெளியேறினார், எபுவே தொடர்ந்தார். உள்ளேயிருந்தே திருத்தலாம் என்று நம்பியவர் அவர். அந்த நம்பிக்கையின் விலை என்ன என்பதே அவருடைய வாழ்க்கையின் கேள்வி என்று நான் கருதுகிறேன்.

மார்டினிக், பிரெஞ்சு சூடான், குவாதலூப் ஆகியவற்றில் உயர்பதவிகள் வகித்த பின், 1938-இல் சாட் நாட்டின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். பதவி வரிசையில் அது ஓர் இறக்கமே. ஆனால், குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் ஜார்ஜ் மாந்தெலுக்கு ஒரு கணக்கு இருந்தது. சாட்டின் வடக்கு எல்லைக்கு அப்பால் இத்தாலியின் ஆட்சியில் லிபியா இருந்தது. போர் மூண்டால் வடக்கே படை நகர வேண்டும். அதற்குச் சாலை வேண்டும். எபுவே சாலைகளை அமைத்தார். தலைநகரான ஃபோர்ட்-லாமியின் விமானத் தளத்தை விரிவாக்கினார். அந்நகரே இன்றைய என்ஜமேனா.

வரைபடத்தைப் பார்த்தால்தான் இதன் கடினம் விளங்கும். ஃபோர்ட்-லாமி கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ரயில் கிடையாது. அங்கிருந்து ஃபாயா பாலைவனச் சோலையில் இருந்த காவற்படைக்கு நேர்கோட்டில் மட்டும் ஏறத்தாழ 780 கி.மீ. ஃபாயாவில் பேரீச்சை விளையும். ஒரு படைக்கு வேண்டிய தானியம் விளையாது. தெற்கிலிருந்து கம்பும் சோளமும், மேற்கிலிருந்து பெட்ரோலும் வந்தாக வேண்டும். அதற்கும் வடக்கே சிறு சிறு காவல்நிலைகள். அவற்றுக்கு ஒட்டகமே வழி.

இங்கு ஓர் எளிய கணக்கு. ஆயிரம் லிட்டர் பெட்ரோலுடன் ஒரு லாரி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மணலில் போய்வர அறுநூறு லிட்டரை அதுவே குடித்துவிட்டால், சேருமிடத்தில் இறங்குவது நானூறு. அடுத்த காவல்நிலைக்கு அந்த நானூறில் பாதிகூட எட்டாது. தூரம் இரண்டு மடங்கானால் செலவு இரண்டு மடங்காவதில்லை; பன்மடங்காகிறது. ஒட்டகம் வழியில் கிடைத்ததை மேய்ந்துகொண்டு நடக்கும். மெதுவாக நடந்தாலும் தான் சுமக்கும் பெட்ரோலைக் குடிப்பதில்லை. பாலைவனப் போரில் எந்திரத்துக்கு முன்னால் ஒட்டகம் போனதற்குக் காரணம் இதுதான்.

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. மார்ஷல் பெத்தானின் விஷி அரசு ஜெர்மனிக்குப் பணிந்தது. எபுவே பணிய மறுத்து, லண்டனில் இருந்த தெ கோலுடன் தொடர்புகொண்டார். ஆகஸ்ட் 26-ஆம் நாள் சாட் சுதந்திர பிரான்சுடன் இணைந்ததாக அவரும் படைத்தலைவர் கர்னல் மார்ஷானும் அறிவித்தனர். மானத்தின் வெற்றியாகவே இந்த முடிவு பிரெஞ்சு நூல்களில் பேசப்படுகிறது. அதில் ஐயமில்லை. இனவெறிக் கொள்கை கொண்ட ஓர் ஆட்சிக்கு அடிமைகளின் வழிவந்தவர் பணிவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆயினும் பேரேட்டின் பக்கமும் ஒன்று உண்டு. சாட்டின் கால்நடைகளுக்குச் சந்தை, பக்கத்தில் பிரிட்டனிடம் இருந்த நைஜீரியா. பெட்ரோலும் துணியும் வருவதும் அவ்வழியே. விஷியுடன் நின்றிருந்தால் அந்த எல்லை மூடப்பட்டிருக்கும். மூன்று பக்கமும் மணலும் காடுமாக நாடு மூச்சுத் திணறியிருக்கும். மானமும் கணக்கும் ஒரே திசையைக் காட்டுவது வரலாற்றில் அரிது. நமது புதுச்சேரியும் காரைக்காலும் அதே ஆண்டு செப்டம்பரில் ஆளுநர் போன்வென் தலைமையில் தெ கோல் பக்கம் சேர்ந்ததிலும், சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா இருந்தது என்ற இதே கணக்குக்குப் பங்குண்டு.

விஷி அரசு எபுவேயின் பதவியைப் பறித்தது. பின்னர் மரண தண்டனையும் விதித்தது. தெ கோல் அவரை நவம்பரில் பிரெஞ்சு பூமத்திய ரேகை ஆப்பிரிக்கா முழுமைக்கும் தலைமை ஆளுநராக்கினார். அப்பதவியை ஏற்ற முதல் கருப்பினத்தவர் அவரே.

சாலைகளும் சேமிப்பும் உடனே பயன்பட்டன. 1941 ஜனவரியில் பிரிட்டனின் நெடுந்தொலைவுப் பாலைவனப் படை லிபியாவின் முர்சுக்கைத் தாக்கியபோது, அதற்குத் தேவையான பெட்ரோல் சாட்டிலிருந்து ஒட்டகங்களின் முதுகில் சென்றது. உடன் சென்ற பிரெஞ்சு அதிகாரி டோர்னானோ அங்கே உயிரிழந்தார். அடுத்து லெக்லெர்க். பிரிட்டனிடமிருந்து பெற்ற பெட்ஃபோர்ட் லாரிகள், ஒரு மலைப் பீரங்கி, சுமார் 400 வீரர்கள். வீரர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். ஃபாயாவிலிருந்து 800 கி.மீ.க்கும் அப்பால் இருந்த குஃப்ரா கோட்டை 1941 மார்ச் 1 அன்று சரணடைந்தது. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கும் இதே சிக்கல்தான்: அவர்களுடைய வழங்கலும் நெடுந்தூரப் பாலையைக் கடந்தே வர வேண்டியிருந்தது.

எதிரியும் இதை அறிந்திருந்தான். 1942 ஜனவரி 21 அன்று ஒரே ஒரு ஜெர்மன் ஹெயின்கல் விமானம் பாலைவனத்தைக் கடந்துவந்து ஃபோர்ட்-லாமியில் குண்டு வீசியது. குறி படைவீடன்று, எரிபொருள் கிடங்கு. சுமார் 80,000 கேலன் எரிந்து போயிற்று. திரும்பும் வழியில் அந்த விமானத்துக்கே எரிபொருள் தீர்ந்து மணலில் இறங்க நேர்ந்தது.

இனி, என்னை உறுத்தும் பகுதி. இந்த வழங்கலுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? தெ கோலிடம் அப்போது கருவூலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிரிட்டன் உதவியது, மீதி எபுவே ஆண்ட மண்ணிலிருந்து வந்தது. ஒட்டகங்கள் உரிமையாளர்களிடமிருந்து படைக்கெனப் பறித்துக்கொள்ளப்பட்டன. சாலைக்குக் கட்டாய உழைப்பு. 1942-இல் மலாயா ஜப்பானிடம் வீழ்ந்ததும் ரப்பருக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. உபாங்கியின் சிற்றூர் மக்கள் காட்டுக்குள் அனுப்பப்பட்டு, கொடிகளிலிருந்து ரப்பர் சேகரிக்கப் பணிக்கப்பட்டனர். அளவு குறைந்தால் தண்டனை. எபுவே இளமையில் பணியாற்றிய அதே பகுதி, அவர் மொழி கற்ற அதே மக்கள். கடலிலிருந்து சரக்கு கொண்டுவந்த காங்கோ ரயில் பாதையோ, பதினாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரின் உயிரைக் குடித்து 1934-இல் திறக்கப்பட்டது.

1941 நவம்பரில் அவர் வெளியிட்ட சுற்றறிக்கை, ஆப்பிரிக்க மரபுகளுக்கும் தலைவர்களுக்கும் மதிப்பளிக்கும் புதிய கொள்கையை வகுத்தது. 1944 தொடக்கத்தில் பிராசவில் மாநாட்டில் சீர்திருத்தத்துக்காக வாதாடினார். இரண்டும் உண்மை, ரப்பரும் உண்மை. அவரைப் போற்றுவோர் சுற்றறிக்கையை மட்டும் படிக்கின்றனர், வெறுப்போர் ரப்பர்க் கணக்கை மட்டும் பார்க்கின்றனர். ஒரே மேசையில், ஒரே கையால் இரண்டிலும் ஒப்பமிட்டவர் அவர் என்பதே என் வாசிப்பு. நாஜிகள் தோற்க வேண்டும் என்பதில் அவர் பக்கமே நான். அதற்கான விலையைத் தந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் மறைக்க இயலவில்லை.

ஃபாயாவிலிருந்து புறப்பட்ட படை 1943 ஜனவரியில் திரிபோலியை அடைந்தது. ஓய்வுக்காக எகிப்து சென்ற எபுவே, 1944 மே 17 அன்று கெய்ரோவில் காலமானார். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் கட்டாய உழைப்பை ஒழித்த சட்டம் 1946 ஏப்ரலில் வந்தது. 1949 மே மாதம் அவருடைய உடல் பாரிஸின் பாந்தியோனில் வைக்கப்பட்டது. அங்கு இடம்பெற்ற முதல் கருப்பினத்தவர் அவர். அதே நாளில் அங்கு கொண்டுவரப்பட்ட மற்றோர் உடல், 1848-இல் பிரெஞ்சு மண்ணில் அடிமை முறையை ஒழித்த விக்டர் ஷோல்ஷேருடையது.