காதில் நீர் வார்த்து நோய் கண்ட றொபேட் பாரணி

நின்றாற்போல் ஒருவருக்கு உலகமே சுழல்கின்றது, வாந்தியெடுத்துச் சாய்ந்துவிடுகின்றார். நோய் உட்காதிலா, சிறுமூளையிலா? காதிலாயின் பெரும்பாலும் சில நாளில் தணியும். மூளையிலே இரத்தக்குழாய் அடைபட்டிருப்பின் உயிருக்கே மோசம் நேரலாம். சேதமுற்ற மூளைக் கலங்களிலிருந்து குருதியிற் கசியும் எஸ்-100பி போன்ற புரதங்களை அளந்து இவ்விரண்டையும் பிரித்தறியலாமா என இன்றைய ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர். எனினும் நோயாளியின் கண்ணசைவைப் பார்த்தறியும் பழைய முறையை அது இன்னும் அகற்றிவிடவில்லை. அக்கண்ணசைவுக்குப் பொருள் கண்டோருள் முதன்மையானவர் றொபேட் பாரணி.

1876ஆம் ஆண்டு ஏப்ரில் 22ஆந் திகதி வியன்னாவிற் பிறந்தார். இளமையில் எலும்பைப் பற்றிய காசநோய் அவர் முழங்காலை மடங்கவொட்டாது செய்தது. மருத்துவத்தில் மனஞ் சென்றதற்கு அந்நோயே காரணம் என்பர். ஆயினும் முடங்கிக் கிடந்தாரல்லர்; டெனிஸ் ஆடினார், மலைகளில் நடந்தார்.

வியன்னாவிலே பொலிட்சரின் காது வைத்தியப் பிரிவிற் பணியாற்றியபோது, காதைக் கழுவுகையில் நோயாளர் தலைசுற்றுகின்றதென முறையிடுவதையும், அவர்தம் கண்கள் ஒருபுறமாக வெட்டித் துடிப்பதையும் கவனித்தார். காது கழுவினால் தலைசுற்றும் என்பது வைத்தியர் பலரும் அறிந்திருந்த சங்கதிதான். ஒருநாள் ஒரு நோயாளி, நீர் மிகக் குளிர்கின்றது என்றார். மறுமுறை சூடான நீரை வார்க்கக் கண்கள் எதிர்ப்புறமாகத் துடித்தன! குளியலுக்கு நீர் காய்ச்சும் கொதிகலனிற் சூடேறிய நீர் மேலெழுவது பாரணியின் நினைவுக்கு வந்தது. உட்காதின் அரைவட்டக் கால்வாய்களிலுள்ள திரவமும் அவ்வாறே சூட்டினால் எழுகின்றது, குளிரினால் தாழ்கின்றது என உணர்ந்தார். கால்வாயோ அதன் நரம்போ அழிந்த காதில் எந்நீரை வார்த்தாலும் கண் அசையாது. செவ்வனே அசையுமாயின், நோயைப் பிறிதோரிடத்தில் தேடவேண்டும். 1906இல் வெளியான இச்சோதனைக்கு வேண்டிய கருவி ஒரு பீச்சாங்குழலும் இருவகை நீருமே.

முதலாம் உலக யுத்தத்தில் ஆஸ்திரியப் படை வைத்தியராகச் சென்று ருஷ்யரிடம் சிறைப்பட்டார். மத்திய ஆசியாவின் மெர்வ் நகரிற் கைதியாயிருக்கையிலே, 1914ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபெல் பரிசு தமக்கெனும் செய்தி எட்டியது. சுவீடன் இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பிலே தலையிட, 1916இல் விடுதலையாகி ஸ்ரொக்ஹோமிற் பரிசைப் பெற்றார்.

வியன்னாவில் அவருக்குக் கிடைத்தது மாலையன்று. முன்னோர் ஆய்வுகளைத் தக்கவாறு குறிப்பிடவில்லையென்ற குற்றச்சாட்டு. தலைசுற்றுவதைக் கண்டோர் பலராயிருக்கலாம். நீரின் வெப்பநிலையிலே காரணத்தைக் கண்டு அதனை நோயறியுங் கருவியாக்கியவரை அங்ஙனம் வருத்தியது நியாயமாகத் தோன்றவில்லை. மனமுடைந்த பாரணி சுவீடனிலுள்ள உப்சாலாப் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்றுச் சென்றார். பின்னர் அங்கே பேராசிரியருமானார். அறுபது வயது நிறைவதற்கு இரண்டு வாரமே எஞ்சியிருக்க, 1936ஆம் ஆண்டு ஏப்ரில் 8ஆந் திகதி அந்நகரிலேயே காலமானார்.