பெஞ்சமின் சியூ டில்மன்

பெஞ்சமின் சியூ டில்மன் (1821–1901) சாண்ட் பிளாஸ்டிங் எனப்படும் மணல்வீச்சு முறையைக் கண்டறிந்த அமெரிக்கர் ஆவார். பிலடெல்பியாவில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-ல் சான்சலர்சுவில் சமரில் காயமுற்றார். பின்னர்க் கறுப்பினத்தவர் படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். மரத்திலிருந்து காகிதக்கூழ் எடுக்கும் சல்பைட்டு முறைக்கு 1867-ல் காப்புரிமை பெற்றார்.

நீராவி, காற்று அல்லது நீரின் விசையால் மணலை வீசிக் கண்ணாடி, கல், உலோகம் ஆகியவற்றைச் செதுக்கும் முறைக்கு 1870-ல் காப்புரிமை பெற்றார். இன்று சென்னைப் புறநகர்ப் பட்டறைகளில் துரு நீக்குவதும், வீட்டு வாகனக் கொட்டகையில் வைக்கப்படும் சிறு பெட்டி இயங்குவதும் இதே தத்துவத்தில்தான்.

ஆயினும், மணல் உடைந்து எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து, குணப்படுத்த இயலாத சிலிக்கோசிசு நோயை உண்டாக்கும். பிரித்தானியாவில் இப்பணிக்கு மணலைப் பயன்படுத்துவது 1950-ல் தடை செய்யப்பட்டது. மணலுக்கு மாற்றாக அலுமினியம் ஆக்சைடு, கண்ணாடி மணிகள் முதலியன பயன்படுகின்றன.