காய்கறி விற்றவர் எழுப்பிய மருத்துவமனை: யார் இந்த டான் டோக் செங்?

நொவீனா எம்ஆர்டி பக்கம் போனால் அந்தப் பெயரைப் பார்க்காமல் வர முடியாது. பாட்டியின் அப்பாயின்ட்மென்ட்டுக்காக நீங்களே அங்கு காத்திருந்திருக்கலாம். ஆனா டான் டோக் செங் யாருன்னு யோசிச்சிருக்கீங்களா?

அவர் மருத்துவர் இல்லை. காய்கறி வியாபாரி.

மலாக்காவிலிருந்து வந்த இளைஞர்

1798இல் மலாக்காவில் பிறந்தார். 1819இல் சிங்கப்பூர் வந்தபோது வயது 21 இருக்கும். காய்கறி, பழம், கோழி எல்லாம் வாங்கி வந்து நகரில் விற்றார். சிறுகச் சிறுகச் சேர்த்து ஆற்றோரம் கடை போட்டார். பிறகு ஐரோப்பிய வணிகர் ஒருவருடன் கூட்டு சேர்ந்து பெரும் செல்வந்தரானார். சமாதான நீதிபதியாக நியமிக்கப்பட்ட முதல் ஆசியர் அவர்தான்.

அன்றைய சிங்கப்பூரில் கூலி வேலைக்கு வந்தவர்கள் நோயில் விழுந்தால் கவனிக்க ஆள் இல்லை. பலர் தெருவிலேயே கிடந்தார்கள். இறந்த ஏழைகளை அடக்கம் செய்யும் செலவைப் பலமுறை டான் டோக் செங் ஏற்றுக்கொண்டார்.

1844இல் மருத்துவமனை கட்ட 5,000 ஸ்பானிய டாலர் கொடுத்தார். அதே ஆண்டு ஜூலை 25ஆம் தேதி பேர்ல்ஸ் ஹில்லில் அடிக்கல் நாட்டப்பட்டது.

கட்டினால் மட்டும் போதுமா?

கதை அங்கே முடியலை. நோயாளிகள் புதிய கட்டடத்துக்கு மாறியது 1849இல்தான். அதுவரை அத்தாப்புக் கொட்டகைதான். மறு ஆண்டு, 1850 பிப்ரவரியில், டான் டோக் செங் காலமானார்.

அவருக்குப் பிறகு மனைவியும் மகன் டான் கிம் சிங்கும் நன்கொடை தந்து பணியைத் தொடர்ந்தார்கள். 1860களின் தொடக்கத்தில் மருத்துவமனை சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் சந்திக்கும் இடத்துக்கு மாறியது. லிட்டில் இந்தியாவிலிருந்து நேராக நடந்தாலே அந்தச் சந்திப்பு வந்துவிடும். 1909இல் மோல்மீன் சாலைக்குப் போனது.

காசநோய் எங்கே வருகிறது?

காசநோய்க் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது 1882இல். டான் டோக் செங் அதைப் பற்றி அறிந்திருக்க வழியே இல்லை. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நெரிசலான கடைவீடுகளில் அந்த நோய் பலரைக் கொன்றபோது, சிகிச்சைக்கான முக்கிய இடம் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனைதான். 1947இல் 'சாட்டா' என்ற காசநோய் எதிர்ப்புச் சங்கமும் தொடங்கப்பட்டது.

தாத்தா காலத்தில் இதை 'எலும்புருக்கி' என்று மெதுவான குரலில் சொல்வார்கள். பழைய கதைன்னு நினைக்காதீங்க. இன்றும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் அதிகமான சிங்கப்பூர்வாசிகளுக்குப் புதிதாகக் காசநோய் வருகிறது.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

- இது காற்றில் பரவும் நோய். தட்டு, கோப்பையைப் பகிர்வதாலோ கை குலுக்குவதாலோ பரவாது.
- மூன்று வாரத்துக்கு மேல் இருமல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.
- மருந்து பெரும்பாலும் 6 முதல் 9 மாதம். சரியாகச் சாப்பிட்டால் குணமாகும். ஏறக்குறைய இரண்டு வாரத்திலேயே பலரிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.
- உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

அதனால்தான் பலதுறை மருந்தகங்களில் ஊழியர் முன்னிலையில் மருந்து சாப்பிடும் ஏற்பாடு இருக்கிறது. அது தண்டனை இல்லை, துணை.

டான் டோக் செங் ஆரம்பித்ததை மற்றவர்கள் விடாமல் தொடர்ந்ததால்தான் அந்த மருத்துவமனை நின்றது. மருந்தும் அப்படித்தான். உங்கள் நண்பர் யாராவது தினமும் மருந்தகத்துக்குப் போய் வருகிறார் என்றால், ஒதுங்கிப் போகாதீங்க. ஒரு நாளாவது கூடப் போயிட்டு வாங்க.