ஆர். ஜி. லெட்டூர்னோ

ராபர்ட் கில்மோர் லெட்டூர்னோ (நவம்பர் 30, 1888 – ஜூன் 1, 1969) அமெரிக்காவைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். மண் வாரும் இயந்திரங்கள், காடு அழிக்கும் இயந்திரங்கள், மரத்தடிகளைத் தூக்கி அடுக்கும் வண்டிகள், சாலையே இல்லாத பனிவெளியிலும் பாலைவனத்திலும் ஓடும் பெருவண்டித் தொடர்கள் ஆகியவற்றை வடிவமைத்தவர். ஏறத்தாழ 300 காப்புரிமைகள் இவர் பெயரில் உள்ளன. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட இவர் பொறியியல் பட்டம் எதுவும் பெற்றவர் அல்லர்.

இளமைக்காலம்

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்திலுள்ள ரிச்ஃபோர்டு என்னும் ஊரில் பிறந்தார். இவரது குடும்பம் முதலில் மினசோட்டாவிலுள்ள டுலூத்துக்கும் பின்னர் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்துக்கும் குடிபெயர்ந்தது. பதின்ம வயதின் தொடக்கத்திலேயே பள்ளியை விட்டு விலகி, போர்ட்லாந்தில் இருந்த ஓர் இரும்பு வார்ப்பாலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பின்னர் கலிபோர்னியாவுக்குச் சென்று மரவெட்டி, பண்ணையாள், சுரங்கத் தொழிலாளி, தச்சரின் உதவியாள் எனக் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். இக்காலத்தில் அஞ்சல்வழிக் கல்வி மூலம் இயந்திரவியல் பாடங்களைப் படிக்கத் தொடங்கினாராயினும் அதனையும் முடிக்கவில்லை. ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மின்நிலையத்தில் பணியாற்றியபோது கற்றுக்கொண்ட வெல்டிங் இவரது வாழ்க்கை முழுவதும் கைகொடுத்தது. மற்ற நிறுவனங்கள் இரும்புத் தகடுகளைத் தறையாணி அடித்து இணைத்த காலத்தில், இவர் தம் இயந்திரங்களை முழுவதும் வெல்டிங் மூலமே இணைத்தார். எடை குறைந்தும் வலு குறையாமலும் அவை அமைந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

1911இல் ஸ்டாக்டன் நகரில் ஒரு வாகனப் பழுதுபார்ப்பு நிலையத்தில் சேர்ந்து, பின்னர் அதில் பங்குதாரர் ஆனார். 1917இல் எவலின் பீட்டர்சன் என்பவரை, பெண் வீட்டாரின் விருப்பத்துக்கு மாறாக மணந்துகொண்டார். முதல் உலகப் போர்க் காலத்தில் மேர் தீவுக் கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தார். போருக்குப் பின் திரும்பி வந்தபோது பழுதுபார்ப்பு நிலையம் கடனில் மூழ்கியிருந்தது. முதல் குழந்தையும் 1919இல் இன்ஃபுளுவென்சா பெருந்தொற்றில் இறந்தது.

மண் வாரும் இயந்திரங்கள்

கடனை அடைப்பதற்காக ஹோல்ட் நிறுவனத்தின் சங்கிலித்தட டிராக்டர்களைப் பழுதுபார்க்கும் வேலையை ஏற்றார். அந்த டிராக்டரின் உரிமையாளர் தம் 40 ஏக்கர் நிலத்தைச் சமப்படுத்தும் பணியையும் இவரிடமே ஒப்படைத்தார். லெட்டூர்னோவின் தொழில் இங்குதான் தொடங்கியது எனலாம். 1920இல் பழைய ஹோல்ட் டிராக்டர் ஒன்றை வாங்கி நிலம் சமப்படுத்தும் ஒப்பந்தக்காரர் ஆனார். டிராக்டரின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் மண்வாரியை இயக்க அக்காலத்தில் தனியாக ஓர் ஆள் தேவைப்பட்டார். ஒரே ஆள் இரண்டையும் இயக்கும்படி மண்வாரியில் மின்மோட்டார்களைப் பொருத்தினார் லெட்டூர்னோ. சக்கரத்தையும் கத்தியையும் மின்சாரத்தால் இயக்கும் எண்ணம் இவருக்கு 1920களிலேயே இருந்தது என்பது இங்கு நோக்கத்தக்கது.

1929இல் ஆர். ஜி. லெட்டூர்னோ நிறுவனத்தைப் பதிவு செய்தார். ஹூவர் அணைக்குச் செல்லும் நெடுஞ்சாலை உள்ளிட்ட பணிகளை ஒப்பந்தக்காரராகச் செய்தபின், 1933இல் ஒப்பந்த வேலையை விட்டுவிட்டு உற்பத்தியில் மட்டும் இறங்கினார். 1932இல் இரும்புச் சக்கரங்களுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் டயர்களில் மண்வாரியை ஓடவிட்டார். இளகிய மண்ணில் புதையாமல் ஓட, அகலமான, குறைந்த அழுத்தமுள்ள டயரே ஏற்றது என்பது அப்போது பலரும் ஏற்காத கருத்து. 1938இல் வெளிவந்த டூர்னாபுல் என்னும் தானே இயங்கும் மண்வாரி, இழுப்பதற்கு டிராக்டர் தேவை என்னும் நிலையையும் மாற்றியது. இதற்கு முந்திய ஆண்டு நேர்ந்த கார் விபத்தில் இவர் கடுமையாகக் காயமுற்றிருந்தார்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் பயன்படுத்திய மண் வாரும் இயந்திரங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இவரது தொழிற்சாலைகளில் உருவானவை என மதிப்பிடப்படுகிறது. வானூர்தித் தளங்கள் அமைக்கவும், போர்முனைச் சாலைகள் போடவும் இவை பயன்பட்டன.

காட்டுக்குத் திரும்புதல்

1953இல் மண் வாரும் இயந்திரப் பிரிவு முழுவதையும் வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் நிறுவனத்துக்கு லெட்டூர்னோ விற்றுவிட்டார். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அவ்வகை இயந்திரங்களைத் தயாரிப்பதில்லை என்பதும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. அறுபத்து நான்கு வயதில் கையில் பெரும் பணம் இருந்தும், தெரிந்த தொழிலைச் செய்ய முடியாத நிலை. இந்தத் தடையே இவரை மரம், பனி, கடல் ஆகிய மூன்று துறைகளின் பக்கம் திருப்பியது. வாழ்நாளின் மிக விந்தையான இயந்திரங்கள் இதற்குப் பின்னரே உருவாயின.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை, மின்சக்கரம். சாதாரண லாரியில் எஞ்சினின் விசை கியர்பெட்டி, சுழல்தண்டு, அச்சு வழியாகச் சக்கரத்தை அடைகிறது. சக்கரங்களின் எண்ணிக்கை கூடினால் இந்த இணைப்புகள் சிக்கலாகி எளிதில் உடையும். லெட்டூர்னோவின் முறையில் டீசல் எஞ்சின் ஒரு ஜெனரேட்டரை மட்டும் சுழற்றும். ஒவ்வொரு சக்கரத்தின் குடத்துக்குள்ளும் தனி மின்மோட்டாரும் பற்சக்கரங்களும் இருக்கும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே மின்கம்பி மட்டுமே ஓடுவதால், எத்தனை சக்கரங்களை வேண்டுமானாலும், எவ்வளவு தொலைவில் வேண்டுமானாலும் பொருத்தலாம். எல்லாச் சக்கரங்களும் இயங்குவதால் சேற்றிலும் பனியிலும் வண்டி சிக்கிக்கொள்வது அரிது. ஆனால் ஜெனரேட்டரும் மோட்டார்களும் எடையையும் விலையையும் கூட்டின. சிறிய வண்டிகளுக்கு இம்முறை பொருந்தாமல் போனது இதனால்தான். தூக்கும் கரங்களுக்கும் இவர் எண்ணெய் அழுத்த உருளைகளைத் தவிர்த்து, மின்மோட்டாரால் இயங்கும் பற்சட்டங்களையே பெரிதும் நம்பினார்.

மரத்தடிக் கிடங்குகளில் பயன்படும் இவரது அடுக்கு வண்டிகள், லாரி நிறைய வரும் தடிகளை ஒரே பிடியில் அள்ளி இறக்கின. முன்பு பாரந்தூக்கிகளும் இரும்பு வடங்களும் பல தடவைகளில் செய்த வேலை அது.

மரம் நொறுக்கி இவற்றினும் பெரியது. இதற்கு டயர்கள் கிடையாது. அவற்றுக்குப் பதிலாகக் கத்திகள் பற்றவைக்கப்பட்ட மாபெரும் இரும்பு உருளைகள் இருக்கும். வண்டியின் முன்புறம் உயரத்தில் நீண்டிருக்கும் தள்ளுசட்டம் மரத்தின் நடுப்பகுதியில் முட்டும். அடிமரத்தில் தள்ளுவதைவிட உயரத்தில் தள்ளும்போது நெம்புகோல் விளைவால் மரம் வேரோடு எளிதில் சாயும். சாய்ந்த மரத்தின் மீது உருளைகள் ஏறிச் செல்லும்போது கத்திகள் தண்டை நொறுக்கும். எஞ்சிய கூளம் காய்ந்த பின் எரிக்கப்படும். கனடாவில் பீஸ் ஆற்றின் அணைக்காக உருவான வில்லிஸ்டன் நீர்த்தேக்கப் பகுதியைத் துப்புரவாக்க, 1960களில் இவ்வகையில் சுமார் 175 டன் எடையுள்ள இயந்திரம் ஒன்று கொண்டுவரப்பட்டது. ஆயினும் அங்கிருந்த காட்டின் பெரும்பகுதி அகற்றப்படாமலேயே நீரில் மூழ்கியது.

வியட்நாம் போரின்போது, 1967இல், அமெரிக்கத் தரைப்படை இரண்டு மரம் நொறுக்கிகளை வாடகைக்கு எடுத்துச் சோதித்தது. இறுதியில் புல்டோசரின் முன் கூரிய வெட்டுத்தகடு பொருத்திய ரோம் கலப்பை என்னும் எளிய கருவியே அங்கு பெருமளவில் பயன்பட்டது.

சாலையற்ற நிலங்களில்

1955இல் அலாஸ்காவின் வடகோடியில் ரேடார் நிலையங்கள் அமைக்கும் பொருட்களைக் கொண்டுசெல்ல, இவரது நிறுவனம் ஸ்னோ ஃபிரெய்ட்டர் என்னும் வண்டித்தொடரைக் கட்டியது. தொடரிலுள்ள எல்லாப் பெட்டிகளின் சக்கரங்களும் தாமே இயங்கின. பின்னர் தரைப்படைக்காக உருவாக்கப்பட்ட டிசி-497 என்னும் தொடர் 54 சக்கரங்களும் சுமார் 170 மீட்டர் நீளமும் கொண்டது. நான்கு வளிமச் சுழலி எஞ்சின்கள் இதற்கு மின்சாரம் அளித்தன. 1962இல் அரிசோனாவின் யூமா சோதனைத் தளத்தில் நன்றாகவே ஓடியது. ஆனால் பெருஞ்சுமை தூக்கும் ஹெலிகாப்டர்கள் வந்துவிட்டதால் தரைப்படைக்கு இதன் தேவை இல்லாமற்போனது.

கடலில் கால் ஊன்றி நிற்கும் நகரும் எண்ணெய்த் துளைமேடையையும் இவர் வடிவமைத்தார். ஸ்கார்ப்பியன் என்னும் அம்மேடையை வாங்கிய நிறுவனத்தின் தலைவர், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் ஆவார்.

பெருவும் லைபீரியாவும்

லெட்டூர்னோ ஆழ்ந்த கிறித்தவப் பற்றுள்ளவர். வருவாயில் பத்தில் ஒன்பது பங்கைச் சமயப் பணிகளுக்கும் அறக்கட்டளைக்கும் அளித்துவந்தார். 1950களில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவிலும், தென் அமெரிக்காவின் பெருவிலும் காட்டை வெட்டிக் குடியிருப்புகள் அமைக்கும் திட்டங்களைத் தொடங்கினார். பெருவில் அமேசான் காட்டின் ஊடே சுமார் 50 கிலோமீட்டர் சாலை அமைத்துத் தருவதற்கு ஈடாக ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கர் நிலத்தைப் பெற ஒப்பந்தம் ஆயிற்று. பச்சிடியா ஆற்றங்கரையில் உருவான ஊருக்கு டூர்னவிஸ்டா எனப் பெயரிடப்பட்டது. மழைக்காட்டு மண்ணின் வளம் பெரும்பாலும் மரங்களிலும் மேற்பரப்பிலுள்ள மெல்லிய மட்கு அடுக்கிலும் உள்ளது. கனரக இயந்திரங்கள் ஓடும்போது அம்மண் இறுகி நீர் இறங்காமல் போகிறது. காட்டை நீக்குவது இவரது இயந்திரங்களுக்கு எளிதாக இருந்தது. நீக்கிய நிலத்தில் தொடர்ந்து பயிர் விளைவிப்பதே கடினம். மழைக்காடுகளை விளைநிலமாக மாற்றுவதை அக்காலத்தில் அரசுகளும் முன்னேற்றமாகவே கருதின. டூர்னவிஸ்டா இன்றும் பெருவில் ஒரு மாவட்டத்தின் பெயராக உள்ளது.

இறுதிக்காலம்

1946இல் டெக்சாஸின் லாங்வியூவில், கைவிடப்பட்ட போர்க்கால மருத்துவமனை வளாகத்தில், இவரும் மனைவியும் ஒரு தொழில்நுட்பப் பள்ளியைத் தொடங்கினர். போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் பாதி நேரம் படித்து, பாதி நேரம் தொழிற்சாலையில் வேலை செய்தனர். இது பின்னர் லெட்டூர்னோ பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஐந்தாண்டுத் தடை முடிந்த 1958இல் மீண்டும் மண் வாரும் இயந்திரத் தொழிலில் இறங்கினார். 1960இல் தன்வரலாற்று நூலை வெளியிட்டார். 1966இல் நிறுவனத் தலைமையை மகனிடம் ஒப்படைத்தபோதும் வரைபலகையை விடவில்லை. 1969இல் லாங்வியூவில் காலமானார்.

மறு ஆண்டே நிறுவனம் மாரத்தான் உற்பத்தி நிறுவனத்துக்குக் கைமாறியது. பலர் கைமாறி, 2017இல் ஜப்பானின் கொமாட்சு குழுமத்தின் கீழ் வந்தது. வில்லிஸ்டன் ஏரிக்கு வந்த மரம் நொறுக்கி, பிரிட்டிஷ் கொலம்பியாவின் மெக்கென்சி நகரில் சாலையோரக் காட்சிப்பொருளாக நிற்கிறது. டிசி-497இன் பெட்டிகள் பழைய இரும்பாக விற்கப்பட்டுவிட்டன. முன்வண்டி மட்டும் யூமாவில் எஞ்சியுள்ளது.