ரயில் மறுத்தது, கால்கள் நடந்தன!

பாப்பாரப்பட்டி வழியாக எத்தனையோ முறை போகிறோம், வருகிறோம். அந்த மண்ணிலே துயில் கொள்ளும் தீரர் ஒருவரை எண்ணிப் பார்த்தோமா, தோழர்களே? சுப்பிரமணிய சிவா! ஏடு நடத்தியவர், நூல் எழுதியவர், நாடகம் தீட்டி மேடையேற்றியவர்.

1884-ல் வத்தலக்குண்டில் பிறந்தார். வறுமை வாட்டிற்று, வாய்மை வாடவில்லை. 1908-ல் தூத்துக்குடி கோரல் ஆலையிலே, கூலி போதாமல் குமுறிய பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சிதம்பரனாரும் சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். கூலி உயர்ந்தது, ஞாயிறு ஓய்வு கிடைத்தது. பொறுக்குமா வெள்ளை ஆட்சி? அந்த மார்ச்சு மாதமே இருவரையும் பிடித்துப் பூட்டியது. சிவாவுக்குப் பத்தாண்டு, மேல்முறையீட்டில் ஆறாண்டாயிற்று.

சிறை சென்றபோது அவருக்கு வயது 23. 1912-ல் வெளிவந்தபோது உடலெங்கும் தொழுநோய். சிறை தந்த பரிசு அது! இன்று மருந்தால் தீரும் நோய். அன்றோ ஆளையே தின்னும் நோய்.

ஓய்ந்தாரா? இல்லை! 1913-ல் 'ஞானபாநு' ஏட்டைத் தொடங்கினார். பாரதியார் அதிலே எழுதினார். வடசொல் கலவாத் தமிழில் எழுதுவோர்க்கு 1915-லேயே பரிசு அறிவித்தது அந்த ஏடு. மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொடி உயர்த்தியது அடுத்த ஆண்டிலே என்பதை நாம் மறக்கலாகாது.

படிக்கத் தெரிந்தவனுக்கு ஏடு, படிக்காத பாட்டாளிக்கு? அவனுக்காக நாடகம்! சிவாஜியின் வீரத்தை மேடையிலே காட்டி, மக்கள் நெஞ்சிலே சூடேற்றினார்.

நோயாளி ரயிலேறக் கூடாதென்றது ஆட்சி. நடந்தார்! கால் தளர்ந்தபோது கட்டை வண்டியில் சென்றார். புண்ணைத் துணியால் மூடிக்கொண்டு மேடை மேடையாக முழங்கினார். 1921-ல் மீண்டும் சிறை கண்டார்.

பாப்பாரப்பட்டியிலே பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப எண்ணினார். சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் நம் வழியல்ல. கொள்கை வேறு, அதை மறைக்க மாட்டோம். ஆனால் ஆலைத் தொழிலாளிக்காகப் பேசி, அதன் விலையைத் தன் உடலால் கொடுத்தவரை, வேற்றுக் கொள்கையர் என்று ஒதுக்கினால் நன்றி கொன்றவராவோம்!

1925 சூலை 23-ல், நாற்பது வயதிலே, பாப்பாரப்பட்டியில் கண் மூடினார். கோயில் எழுவதைக் காணவில்லை, விடுதலையையும் காணவில்லை.

இன்று ஞாயிறு ஓய்விலே பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் தொழிலாளத் தோழனே! அந்த ஓய்வு வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஒரு ஞாயிறு, பாப்பாரப்பட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல். அவர் கதையைச் சொல்!