நீலகண்டன் தேவசகாயம் ஆனார்!

வடசென்னையில் டோல்கேட்டிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் வந்தால் ராயபுரம். ராயப்பரின் பெயரால்தான் அந்த ஊருக்கு அப்பெயர் வந்தது என்பார்கள். ஏசுநாதரின் சீடரான பேதுருவையே தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்று அழைத்தார்கள். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சீமோன். பாறை என்று பொருள்படும் பேதுரு என்ற பெயரைச் சூட்டியவர் ஏசுநாதர்.

இந்த வட்டாரத்துக் கத்தோலிக்க வீடுகளில் குழந்தைகள் வளர்ந்ததும் உறுதிப்பூசுதல் என்ற சடங்கு நடக்கும். ஆயர் நெற்றியில் தைலம் பூசி ஆசீர்வதிப்பார். அப்போது ஒரு புனிதரின் பெயரை எடுத்துக்கொள்வது பல இடங்களில் உள்ள பழைய வழக்கம். கட்டாயம் இல்லை.

எந்தப் பெயரை எடுப்பது? அழகான பெயரா? தாத்தாவின் பெயரா? இப்படி யோசிக்கும் வீட்டார் ஒருவருடைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ஞானஸ்நானத்தின்போது புதுப் பெயர் பெற்றார். அப்போது அவருக்கு வயது 33!

அரண்மனை அலுவலர்

கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி பிறந்தவர் நீலகண்டன். வசதியான நாயர் குடும்பம். அந்தப் பகுதி அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. மன்னர் மார்த்தாண்ட வர்மா. பத்மநாபபுரம் அரண்மனையில் நீலகண்டன் அலுவலர் ஆனார். பார்கவி அம்மாளை மணந்தார்.

1741-ல் குளச்சலில் போர் நடந்தது. டச்சுக்காரர்கள் தோற்றார்கள். சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயை மன்னர் தம் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். நீலகண்டனுக்கும் டிலனாய்க்கும் நட்பு ஏற்பட்டது.

அந்தச் சமயம் நீலகண்டனின் வீட்டில் துன்பம் சூழ்ந்தது. மாடுகள் மாண்டன. பயிர் அழிந்தது. மனம் உடைந்த நண்பருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கை இழக்காத யோபுவின் கதையை டிலனாய் சொன்னார். அது நீலகண்டனின் மனத்தில் பதிந்தது.

பெயரின் பொருள்

1745-ஆம் ஆண்டு மே 14-ந் தேதி, வடக்கன்குளத்தில் புத்தாரி என்ற ஏசு சபைப் பாதிரியார் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்ற பெயர் சூட்டப்பட்டது. இறந்து நான்காம் நாள் ஏசுநாதரால் உயிர் பெற்று எழுந்ததாக பைபிள் சொல்லும் லாசரின் பெயர் அது. கடவுள் துணை செய்தார் என்பது அதன் பொருள். அந்தப் பொருளை அப்படியே தமிழாக்கி, தேவசகாயம் என்றார்கள். பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்றார். தெரேசா என்ற புனிதரின் பெயர் அவருக்குக் கிடைத்தது. தமிழில் ஞானப்பூ!

பெயர் இனிமையாக இருந்தது. அதைத் தாங்கி வாழ்வதுதான் கடினமாக இருந்தது. உயர் சாதியில் பிறந்த தேவசகாயம் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். அது பலருக்குப் பிடிக்கவில்லை. ராஜத் துரோகக் குற்றம் சாட்டினார்கள். 1749 பிப்ரவரியில் கைதானார்.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறையும் சித்திரவதையும். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். கடவுள் துணை செய்தார் என்று பெயர். கண்ணுக்குத் தெரிந்த துணையோ எதுவும் இல்லை! ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இது திருச்சபை கூறும் வரலாறு. மதம் மாறியதற்காக அவர் தண்டிக்கப்பட்டார் என்பதைச் சில வரலாற்று ஆசிரியர்கள் ஏற்பதில்லை. அவர் உடல் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

உதிர்ந்தது ஒரு பட்டம்

நெடுங்காலம் மக்கள் அவரைத் தேவசகாயம் பிள்ளை என்றே அழைத்தார்கள். சாதியைப் பாராமல் பழகியவரின் பெயரோடு சாதிப் பட்டம் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. 2012 டிசம்பர் 2-ந் தேதி நாகர்கோவிலில் முக்திப்பேறு பட்டம் பெற்றபோதும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. 2022 மே 15-ந் தேதி போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். அன்று அது இல்லை. தேவசகாயம் என்ற பெயர் மட்டுமே நின்றது. குருவாகவோ துறவியாகவோ இல்லாத இந்தியர் ஒருவர் புனிதரானது அதுவே முதல் முறை.

அந்த விழா எங்கே நடந்தது தெரியுமா? ரோம் நகரில், புனித பேதுரு சதுக்கத்தில். ஆம், நம் ராயபுரத்து ராயப்பரின் சதுக்கத்தில்தான்!

பெயர் தேடும் பெற்றோர்களே! எந்தப் பெயரை எடுத்தாலும், அதன் பொருளையும் அதைத் தாங்கியவரின் கதையையும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். பெயரை ஒரு நாளில் சூட்டிவிடலாம். அந்தப் பெயருக்கு ஏற்றபடி வாழ ஓர் ஆயுள் வேண்டும்.