ஐம்பது ரூபாய்ப் பண்டிதர்

ஆசிரியர் ஊதியம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நாம் ஊதியக் குழுக்களின் அறிக்கைகளையே புரட்டுகின்றோம். 2016 முதல் நடைமுறைக்கு வந்த பல்கலைக்கழக மானியக் குழு விகிதத்தின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். ஆண்டுக்கு மூன்று விழுக்காடு உயர்வு. அதே வளாகத்தில், அதே பாடத்தை, சுயநிதிப் பிரிவில் நடத்துபவர் இவ்விகிதத்தை ஏட்டிலே மட்டும் காண்பதுண்டு. ஊதியத்தைப் படிப்படியாக உயர்த்தும் இத்தகைய ஏணி இல்லாத காலத்தில் வாழ்ந்த ஓர் ஆசிரியரின் வரலாற்றை ஈண்டு நினைவு கூர விழைகின்றோம். அவர் வங்கம் தந்த ஈசுவர சந்திர வித்தியாசாகர்.

மேதினிபூர்ப் பகுதியைச் சேர்ந்த பீர்சிங்க கிராமத்தில் 1820ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை தாகூர்தாசர் கல்கத்தாவில் இரண்டு ரூபாய் மாதச் சம்பளத்தில் தொடங்கி, நெடுங்காலம் உழைத்துப் பத்து ரூபாயை எட்டியவர். தந்தையுடன் 1828இல் கல்கத்தாவுக்கு நடந்து சென்ற சிறுவன், வழியிலிருந்த மைல்கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டான். வடமொழிக் கல்லூரியில் பயின்று, கல்விக் கடல் எனப் பொருள்படும் பட்டத்தைப் பெற்றான்.

1841 டிசம்பரில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் தலைமைப் பண்டிதர் பதவி அவருக்குக் கிட்டியது. மாதம் ஐம்பது ரூபாய். உடனே தந்தையை வேலையிலிருந்து விலகச் செய்து, மாதந்தோறும் இருபது ரூபாயை ஊருக்கு அனுப்பினார். எஞ்சிய முப்பதில் கல்கத்தா வீட்டிலிருந்த உறவினர் பலரையும் காத்தார்.

அக்காலத்தில் சம்பளம் பதவியைச் சார்ந்தது. பணியாற்றிய ஆண்டுகளைச் சார்ந்ததன்று. கூடுதல் ஊதியம் வேண்டின் வேறு பதவிக்கு மாற வேண்டும். அந்நிலையில் வடமொழிக் கல்லூரியின் இலக்கண ஆசிரியர் பதவி, தொண்ணூறு ரூபாய்ச் சம்பளத்துடன், அவரை நாடி வந்தது. அவரோ அதற்குத் தம்மினும் தக்கவர் தாராநாத தர்க்கவாசஸ்பதி என்று பரிந்துரைத்தார். அத்துடன் அமையாது, அவரது இசைவைப் பெறக் கால்னா வரை நடந்தே சென்றார். நாற்பது ரூபாய் கூடுதல் வருவாயைப் பிறர்க்கு அளித்துவிட்டுத் தாம் ஐம்பதிலேயே நின்றார். இப்படி நடக்கக் கூடியவர் நம்மிடையே எத்தனை பேர் எனக் கேட்கத் துணிவில்லை.

1846இல் அதே கல்லூரியின் துணைச் செயலாளரானார். சம்பளம் அப்போதும் ஐம்பதே. தாம் வகுத்த சீர்திருத்தத் திட்டங்களைச் செயலாளர் ஏற்காமையால் மறு ஆண்டே விலகினார். பிழைப்புக்கு என்ன செய்வார் என்று செயலாளர் வினவியதையும், காய்கறி விற்றேனும் வாழ்வேன் என அவர் கூறியதையும் வங்க மக்கள் இன்றும் சொல்லி மகிழ்வர். 1849இல் கோட்டைக் கல்லூரியில் எண்பது. 1850 டிசம்பரில் வடமொழிக் கல்லூரி இலக்கியப் பேராசிரியராகத் தொண்ணூறு. 1851 சனவரியில் முதல்வராக நூற்றைம்பது. பின்னர் அது முந்நூறாயிற்று. 1855இல் பள்ளிகளை மேற்பார்க்கும் பொறுப்பும் சேர, மொத்தம் ஐந்நூறு ரூபாய் பெற்றார். தந்தை எட்டிய பத்து ரூபாயை எண்ணிப் பார்க்கின், மகன் ஏறிய உயரம் விளங்கும்.

அவ்வுயரத்திலிருந்து அவர் தாமே இறங்கியதுதான் நம் நெஞ்சைத் தொடுவது. ஆளுநரின் வாய்மொழி ஊக்கத்தை நம்பி, 1857 நவம்பர் முதல் 1858 மே வரை நான்கு மாவட்டங்களில் முப்பத்தைந்து பெண்கள் பள்ளிகளைத் திறந்தார். ஏறத்தாழ 1,300 சிறுமியர் படித்தனர். எழுத்து மூலமான ஆணை இல்லை என்று அரசு நிதி தர மறுத்தது. பள்ளிகளோ நடந்துகொண்டிருந்தன, ஆசிரியர்கள் மாதக் கணக்கில் ஊதியமின்றிப் பணியாற்றினர். நிலுவை 3,439 ரூபாய். அவர்களை அமர்த்தியவர் வித்தியாசாகர். எனவே அக்கடன் தம்முடையதே என்று கொண்டார். ஆணையைக் காட்டித் தப்பித்துக்கொள்ள அவர் எண்ணவில்லை. விடாது கடிதங்கள் எழுதினார். கல்வித்துறை இயக்குநருடன் கருத்து வேறுபாடும் முற்ற, அவ்வாண்டு நவம்பரில் ஐந்நூறு ரூபாய்ப் பதவியைத் துறந்தார். டிசம்பரில் நிலுவையை மட்டும் தீர்க்க அரசு இசைந்தது. ஆசிரியர்களுக்கு வர வேண்டியது வந்தது. பள்ளிகளுக்கு நிலையான மானியம் வரவில்லை. செல்வர்களிடம் நன்கொடை திரட்டி, இயன்ற பள்ளிகளை அவர் தொடர்ந்து நடத்தினார்.

அதன்பின் அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. எழுதிய பாடநூல்களின் வருவாயே வாழ்வளித்தது. அதிலும் பெரும்பகுதி கைம்பெண் மறுமணங்களுக்கும் ஏழை மாணவர்க்கும் சென்றது. மெட்ரோபாலிடன் கல்லூரியை இந்திய ஆசிரியர்களைக் கொண்டே வளர்த்தார். 1872இல், மாதந்தோறும் சிறு தொகை செலுத்தி வருபவர் இறப்பின் அவர்தம் குடும்பத்திற்கு உதவித்தொகை கிடைக்கும் வண்ணம் ஒரு நிதியம் தோன்றவும் துணை நின்றார். 1891 சூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். அவர் வளர்த்த கல்லூரி 1917 முதல் அவர் பெயராலேயே வழங்கி வருகின்றது.